தோணியில் ஆளில்லை

விளையாட்டு திறக்க மறுத்த விஷயத்தைப் பெர்க்மான்ஸ் கொரேரா வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஐம்பதை நெருங்கும் மனிதர். துறைமுக அலுவலகத்தில் எந்தக் கப்பல் எப்போது எந்தத் தளத்துக்கு வர வேண்டும் என்று முறை போடும் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். மாதா கோயிலின் பங்குப் பேரவையில் துணைத்தலைவர். இப்படிப்பட்டவர், கம்ப்யூட்டரில் கேம் ஓடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

வியாழக்கிழமை சாயங்காலம் வேலைவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் முதலில் தெரிந்தது. திரை இருண்டது. கடல் இரைச்சல் கேட்டது. வழக்கம்போல அடிவானம் மெல்ல வெளுக்கத் தொடங்கி, பாதியிலேயே நின்றது. கீழே ஒரு வரி வந்தது.

‘தோணியில் ஆளில்லை. பயணம் தொடங்க இயலாது.’

மூடித் திறந்தார். மெஷினை அணைத்துப் போட்டார். நெட்டில் இதே தொல்லைபட்ட யாரோ ஒருவர் கிராபிக்ஸ் கார்டை அப்டேட் செய்தால் சரியாகும் என்று எழுதியிருந்தார், செய்தார். இன்னொருவர் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார், அதையும் பார்த்தார். டிஸ்கில் இடம் போதாதோ என்று பழைய திருமண வீடியோக்களைத் தூக்கி வேறெங்கோ போட்டார். கடைசியில் பெட்டியைத் திறந்து, பழைய பல் பிரஷ்ஷால் விசிறியில் அப்பியிருந்த தூசியை எல்லாம் தட்டினார். அடிவானம் பாதி வெளுத்தது, நின்றது. தோணியில் ஆளில்லை.

விளையாட்டின் பெயர் ‘தண்டல்’. இந்த ஊர்த் தோணிகளின் தலைவனுக்கு அதுதான் பெயர். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகிற பழைய பாய்த்தோணி ஒன்று; அதற்கு விளையாடுகிறவர்தான் தண்டல். உடன் தஸ்நேவிஸ் என்பவன் உட்பட நான்கு வேலையாட்கள். அலுவலகத்தில் பெர்க்மான்ஸைவிட வயதில் மிகவும் சிறிய அதிகாரி, எல்லோர் முன்னிலையிலும் காகிதத்தை அவர் மேஜைமேல் விட்டெறிவான். “சரி சார்” என்பார். வீட்டுக்கு வந்து இந்த அறையில் உட்கார்ந்தால் அவர் தண்டல். அவர் சொன்னால் பாய் ஏறும், சொன்னால் இறங்கும்.

விளையாட்டு இல்லாத அந்த நாட்களில் வீட்டில் அவருக்கு ஒன்றும் சரியில்லாமல் போனது. குழம்பில் உப்பு கூடியிருந்தது. துவைத்த சட்டையில் சோப்பு வாடை போகவில்லை. “ஏட்டி, இதக்கூடப் பாக்க மாட்டியா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஜெனிட்டா எப்போதும்போல ஒன்றும் பேசவில்லை. எடுத்துக்கொண்டு போய் மறுபடி அலசிப் போட்டாள். அவருடைய வீட்டில் சண்டை என்பதே கிடையாது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது மற்றவர்களிடம் இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஜெனிட்டாவின் தம்பி டெனில் வந்தான். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. வெங்காயம் வதங்குகிற நேரத்தில் பெர்க்மான்ஸ் அவனைத் தனியாக முன்னறைக்குக் கூட்டிப்போனார்.

“மாப்ள, ஒண்ணுமில்ல. லீவுக்குப் பிள்ள வந்தா விளையாடட்டும்னு ஒரு கேம் வாங்கிப் போட்டேன். திறக்க மாட்டேங்கு. என்னன்னு ஒரு எட்டு பாரு.”

டெனில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கணக்கு பெர்க்மான்ஸின் பெயரில் இருந்தது. தண்டலின் முகம்கூட அவருடைய முகம்தான், மீசை மட்டும் கொஞ்சம் பெரிது. டெனில் அதைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“இதுல என்ன கூச்சம், அத்தான்? எங்க ஆபீஸ்ல எம்.டி.யே விளையாடுதாரு.”

பெர்க்மான்ஸுக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் அது தாங்கக்கூடிய வெட்கம்தான். அவரும் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார்.

டெனில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கோப்புகள் ஒழுங்காக இருந்தன. கார்டு சரியாக இருந்தது. நெட் வேகம் போதும். “பல் பிரஷ்ஷா!” என்று சிரித்தான். “மெஷின்ல ஒரு குறையும் இல்லத்தான். புது மெஷின் மாதிரி வச்சிருக்கிய.” பிறகு விளையாட்டை ஓட விட்டான். கடல் இரைந்தது, வானம் வெளுத்தது, நின்றது. கீழே வந்த வரியை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“என்ன மாப்ள?”

“இது ரிப்பேர் இல்லத்தான்.”

“பொறவு?”

டெனில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவன்போல் தாடையைத் தடவினான். “நம்ம சின்ன வயசுல விளையாடுன கேம்ல உள்ள இருக்கவன் எல்லாம் பொம்மை. சுட்டா விழுவான், திரும்ப ஆரம்பிச்சா எந்திரிப்பான், ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இப்ப வாரது அப்படி இல்ல. பழகப் பழகக் கத்துக்கிடுதாங்க. நீங்க நேத்து சொன்னத இன்னைக்கு மனசுல வச்சிருப்பாங்க. அதுலதான் இந்தக் கேமோட ருசியே இருக்கு.”

“அது தெரியும். அதுக்கென்ன?”

“ஞாபகம் இருந்தா கூடவே பயமும் வந்துரும்லா? முதல்ல விட்ட கேம்கள்ல சில பேரு பேச்சே வராம மூலையில உக்காந்துட்டாங்களாம். என்ன செஞ்சாலும் எந்திரிக்கல. கோர்ட்டு வரைக்கும் போச்சு. அப்புறம்தான் இந்தச் சட்டம் வந்தது. நீங்க ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் உள்ள இருக்கவங்ககிட்ட ஒரு கேள்வி போவும், வாரியளான்னு. ஒரே ஒரு ஆளு சரின்னாலும் போதும், தோணி கிளம்பிரும்.”

பெர்க்மான்ஸ் காத்திருந்தார்.

“ஒருத்தன்கூட சரின்னு சொல்லலத்தான்.”

“என்னல பேசுத? அவனுக உசுருள்ளவனுகளா?”

“அது எனக்குத் தெரியாது. பெரிய பெரிய ஆளுகளே அதுல சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.” அவன் சமாதானமாகச் சிரித்தான். “ஏதாவது சின்ன விஷயமா இருக்கும். கஞ்சி குடுக்க மறந்திருப்பிய. காரணம் கேக்குறதுக்கு இதுல வழி இருக்கு, இருங்க.”

வேண்டாம் என்று சொல்ல பெர்க்மான்ஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அதற்கே ஒரு அர்த்தம் வந்துவிடும். அந்தத் தயக்கத்திலேயே டெனில் அழுத்திவிட்டான். ஒலிபெருக்கியில் ஒரு வயதான ஆணின் குரல் வந்தது. தோணியில் சமைக்கிற பண்டாரி சந்தியாகுவின் குரல். அதில் கோபமே இல்லை.

“தண்டலுக்கு எங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது. வேற எங்கியோ உள்ள கோவம். அது எங்களுக்குத் தெரியும். தஸ்நேவிசக் கடல்ல தள்ளுனா கட்டாயம் திரும்பத் தூக்கிருவாரு, அதுவும் தெரியும். ஆனா தூக்குற வரைக்கும் அவனுக்கு அது தெரியாதுல்லா. தூக்குனதும், உங்க புண்ணியத்துல பொழச்சேன்னு சொல்லச் சொல்லுவாரு. அவனும் சொல்லுவான். கடைசி தடவ அவனுக்குச் சொல்ல வாய் வரல. அதனால நாங்க யாரும் வரல. தப்பா எடுத்துக்கிட வேண்டாம்.”

அவ்வளவுதான். கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

பெர்க்மான்ஸ் திரும்பிப் பார்த்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜெனிட்டா நின்றிருந்தாள். சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தில் எதுவும் இல்லை.

பெர்க்மான்ஸுக்கு உடம்பு முழுவதும் கூசியது. கட்டியிருந்த வேட்டி நடுத்தெருவில் அவிழ்ந்ததுபோல இருந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், பண்டாரி சொன்னதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னது இல்லை. ஆரம்பத்தில் ஒரு நாள், அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒன்றின் எரிச்சலில்தான் தஸ்நேவிசைத் தள்ளினார். அவன் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டு “தண்டலே, தண்டலே” என்று கத்தியபோது அவருடைய நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு முடிச்சு இளகியது. மறுநாளும் தள்ளினார். தோணியைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிப்போய் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிவிடுவதால், தான் கெட்டவன் இல்லை என்று நம்பியிருந்தார். உண்மையில் காப்பாற்றுகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் தள்ளினார். அவன் நடுங்கும் உதட்டோடு ‘உங்க புண்ணியம்’ என்று சொல்லும்போது அவருக்கு மனது நிறையும். அதன் பிறகுதான் சாப்பாட்டுக்குப் போவார்.

“கேம்தானல இது,” என்றார்.

“கேம்தானத்தான்,” என்றான் டெனில், அவர் சொல்லி வாய் மூடும் முன்பே. பார்வை விசைப்பலகையைவிட்டு ஏறவில்லை.

“சரி, இதுக்கு என்ன வழி?”

“அவங்க மனசு மாறுற வரைக்கும் காத்திருக்கலாம். இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா ஓடும். புது ஆளுக வருவாங்க. அவங்களுக்கு உங்களத் தெரியாது.”

“இவனுக?”

“இருக்க மாட்டாங்க.”

தன்னைத் தெரியாதவர்கள். அந்த எண்ணம் பெர்க்மான்ஸுக்குக் குளிர்ந்த தண்ணீரைக் குடித்தாற்போல் இருந்தது. இப்போது இந்த அறையில் நடந்ததற்குச் சாட்சி என்று நாலு பேர் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால், டெனில் ஊருக்குப் போய்விடுவான், ஜெனிட்டா எப்போதும் எதையும் கேட்கிறவள் இல்லை. திங்கட்கிழமைக்குள் எல்லாம் மறந்துபோகும்.

“அழிச்சிரு.”

“அத்தான், அவசரப்படாண்டாம். சாப்ட்டுட்டு யோசிச்சு...”

“ஏல, சொன்னதைச் செய்!”

அந்தக் குரலை டெனில் அதுவரை கேட்டதில்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தவன் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். பெர்க்மான்ஸும் அவன் பார்த்த பக்கம் பார்த்தார். ஜெனிட்டாவின் தோள்கள் இரண்டும் உயர்ந்து, கழுத்து உள்ளே ஒடுங்கியிருந்தது. வேறு யாரிடமோ சொன்ன சொல்லுக்கு அவள் உடம்பு அப்படிச் சுருங்கி நின்றது. இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை.

டெனில் மெதுவாக, மனமில்லாமல், கையை விசைக்குக் கொண்டுபோனான்.

“டெனில், கைய எடு.”

ஜெனிட்டா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் டெனில் சுட்டுக்கொண்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான்.

“நீ உள்ள போயி சோத்தப் பாரு,” என்றார் பெர்க்மான்ஸ்.

“சோறு இறக்கியாச்சி.” அவள் அறைக்குள் வந்தாள். “அழிக்க வேண்டாம். அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க.”

“யாரு?”

“சந்தியாகு, தஸ்நேவிஸ், அந்தக் காது கேக்காதவரு, மொழி தெரியாத அந்த அண்ணன். எல்லாரும்.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஒருநாள் அணைக்காம ஆபீஸ் போயிட்டிய,” என்றாள் ஜெனிட்டா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். “நான் பெருக்க வந்தேன். யாரோ அழுத சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுலன்னு நெனச்சேன். பாத்தா இதுக்குள்ள இருந்து வருது. ஈரத்தோட ஒரு ஆளு உக்காந்து தேம்புதான். என்னப்பான்னு கேட்டேன். கேட்டதுக்குப் பதில் வந்துட்டு. பயந்துதான் போனேன். அப்புறம் மறுநாளும் என்னன்னு பாக்கத் தோணுச்சி. அதே தோணிக்கு எம்பேர்லயும் ஒரு கணக்கு போட்டுக்கிட்டேன்.”

“தினமும் வந்தியா?”

“வேலை முடிஞ்சப்பொறவு. சும்மா பேசிக்கிட்டு இருப்போம். சந்தியாகு மாசிக் கருவாட்டுல சம்பல் எப்படிப் பண்ணணும்னு சொல்லுவாரு. சில நாளு நான் ஒண்ணும் பேச மாட்டேன். அவங்களும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று அவருக்கே உறைத்தது. டெனில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்க்மான்ஸுக்குள் கடைசியாக ஒரு பிடிப்பு மிச்சமிருந்தது. அதைப் பற்றிக்கொண்டார். “அப்ப நீதான் சொல்லிக்குடுத்திருக்க. வராதியன்னு.”

“இல்ல.” அவள் தலையசைத்தாள். “தஸ்நேவிஸ்தான் கேட்டான். அண்ணி மொறையில என்ன மயினின்னுதான் கூப்பிடுவான். அவங்கிட்ட அந்தக் கேள்வி வரும்லா, வாரியளான்னு? அதுக்கு வரலன்னு சொல்லலாமா மயினி, சொன்னா என்ன ஆவும்னு கேட்டான். எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. எனக்குத் தெரியாதுப்பா, நான் சொல்லிப் பாத்ததில்லன்னு சொன்னேன்.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னாள். வெங்காயம் வாங்கவில்லை என்று சொல்கிற அதே குரல். மகள் விடுதியிலிருந்து போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவது ஏனோ அந்த நேரத்தில் பெர்க்மான்ஸுக்கு நினைவுக்கு வந்தது.

“எந்திரி, டெனில். அவங்க பயந்துபோயி இருப்பாங்க,” என்றாள் ஜெனிட்டா.

டெனில் எழுந்து இடம் விட்டான். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பழகிய கையாகக் கணக்கை மாற்றி, விளையாட்டைத் திறந்தாள். திரை இருண்டது, கடல் இரைந்தது, அடிவானம் வெளுத்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. வெளுப்பு மஞ்சளாகி, தண்ணீரில் வெயில் விழுந்து, பாய்மரமும் கயிற்றுச் சுருளும் துலங்கின. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. நாலு பேரும் வந்தார்கள்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று டெனில் சொன்னதை இப்போது பெர்க்மான்ஸ் கண்ணால் பார்த்தார்.

“வாங்க மயினி,” என்றார் சந்தியாகு.

தஸ்நேவிஸ் வந்து திரையின் ஓரத்தில் நின்றான். பெர்க்மான்ஸ் அவனைத் தண்ணீருக்கு வெளியே இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. சாதாரண முகம். புருவத்தில் ஒரு தழும்பு. அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மயினி, பக்கத்துல தண்டல் இருக்காரா?”

உள்ளே இருப்பவர்களுக்கு இந்த அறை தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். ஜெனிட்டாவின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய கழுத்து மறுபடியும் அந்தப் பழைய விதத்தில் ஒடுங்குவதை அவர் கண்டார். இருக்கிறார் என்று சொன்னால் தோணி காலியாகிவிடும். இல்லை என்று சொன்னால் அவருக்கு முன்னால், அவரை வைத்துக்கொண்டே, அவள் பொய் சொல்ல வேண்டும்.

நான் இருக்கிறேன், மன்னித்துவிடு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் தனக்கு நிம்மதி கிடைக்கும். அவன் என்ன செய்வான்? ‘பரவாயில்ல தண்டலே’ என்று நடுங்கும் உதட்டோடு சொல்வான். சொல்லாமல் இருக்க அவனுக்கு வழியில்லை. அதுவும் தள்ளிவிட்டுத் தூக்குகிற அதே வேலைதான்.

பெர்க்மான்ஸ் வீட்டுக்குள் போடும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சத்தம் வராமல் காலடி எடுத்துவைத்து வாசலைத் தாண்டினார். சொந்த வீட்டில் திருடனைப்போல நடப்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் அறைந்து சாத்துகிற அந்தக் கதவை, தாழ்ப்பாள் இடிக்காமல் இழுத்து மெல்ல ஒட்டவைத்தார்.

உள்ளே ஜெனிட்டாவின் குரல் கேட்டது.

“இல்லப்பா. இங்க இல்ல.”

அது பொய்யில்லை.

அவர் தாழ்வாரத்தில், மகளின் பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். சற்று நேரத்தில் டெனிலும் வெளியே வந்து சுவரோரம் நின்றுகொண்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அடுப்படியில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ சொல்ல, ஜெனிட்டா சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு முட்டுகிறதுபோல ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பாள் என்று அவருக்கு நினைவு. எப்போது நின்றது என்று யோசித்தார். பிடிபடவில்லை.

“அக்கா நல்லா சிரிக்கா,” என்றான் டெனில். சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ம்.”

“அந்தத் தோணியோட உரிமைய அக்கா பேருக்கு மாத்திரலாம் அத்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்புறம் உங்க பேர்ல அது திறக்காது, அவங்ககிட்ட கேள்வியே போவாது.”

“மாத்திரு.”

டெனில் தலையசைத்தான். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

“மாப்ள,” என்றார் பெர்க்மான்ஸ். “அந்தக் கேள்வி இருக்குல்லா, வாரியளான்னு. அத எப்படிக் கேப்பாங்க? குரல்லயா, எழுத்துலயா?”

“தெரியலத்தான். ஏன்?”

“சும்மாதான்.”

டெனில் பைக் சாவியைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான். பெர்க்மான்ஸ் தனியாக நின்றார். ஜெனிட்டாவைக் கடற்கரைக்கு, பூசைக்கு, டாக்டரிடம், சொந்தக்காரர் வீட்டுக்கு என்று எத்தனையோ இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ‘கிளம்பு’ என்பார். ‘வா’ என்பார். வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். ‘வாரியா’ என்று கேட்டதாக ஒரு தடவைகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

யாருக்கும் கேட்காமல் அதை ஒருமுறை சொல்லிப் பார்க்க உதட்டைப் பிரித்தார். அதட்டலாகத்தான் வந்தது. மறுபடி முயன்றார்.